காலிக் கிண்ணத்தைப் புகழ்ந்த உன் அப்பா

ஜேம்ஸ் டவுன், அக்ரா
சனிக்கிழமை மத்தியானம்

என் கண்ணான மகள் அஷோர்கோருக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் அந்தக் குளிர் ஊரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போகலாம் என்றுதான் பார்த்தேன், எழுதினால் பாதி பொய்யாகிவிடும், அதனால் உன் அப்பா உயிரோடு இருக்கிறார், நான் கோபத்தோடு இருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் முற்றத்தில் நான் ஃபோனை எடுத்தாலே பதினோரு பொம்பளைகள் வேலையை விட்டுவிட்டுக் காதைக் கொடுப்பார்கள், அதிலும் உன் பெரியம்மா ஃபோஃபோ இருக்கிறாளே, நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவளே பதில் சொல்லிவிடுவாள். அதனால்தான் ஹாம்பர்க் திரும்புகிற உன் சிநேகிதியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி. படித்துவிட்டுச் சிரிக்காதே, சிரித்தாலும் என்னிடம் சொல்லாதே.

ஜனவரியில் புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருந்தபோது படகை மணலில் ஏற்றுகையில் நெம்புகிற கழி நழுவி எகிறி உன் அப்பாவின் காதுக்கு மேலே பட்டது என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா. கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்திருந்தார், வலை வந்துவிட்டதா என்று ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டார், பிறகு எழுந்து சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்து இழுத்தார். ரத்தம் கிடையாது, மயக்கம் கிடையாது, ஒரு சின்ன வீக்கம், நான் ஷியா வெண்ணெயைச் சூடு பண்ணித் தடவிவிட்டேன், நாலு நாளில் அதுவும் வற்றிவிட்டது. நாமும் அதை ஃபோனில் பேசிச் சிரித்தோம். நான் இனி எழுதப்போகிற கூத்தெல்லாம் அந்த ஒரு அடியால் வந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது. அப்போது யாருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் சாப்பாடு திரும்பி வருகிறது என்பதுதான்.

நீ அங்கே மாப்பிள்ளையோடு ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவள், இங்கத்து நடப்பு உனக்கு மறந்திருக்கும். ஆண்கள் வீட்டில் உன் அப்பாவும் அவர் தம்பிமாரும், பெண்கள் வீட்டில் நானும் என் அக்கா தங்கைகளும், பொழுது சாய்கையில் நான் சமைத்ததைக் கிண்ணத்தில் வைத்து மூடி அவர் வாசலில் கொடுத்துவிட்டு வருகிறேன், காலையில் போய்க் கிண்ணத்தை எடுத்து வருகிறேன். முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கிண்ணம் வழித்து நக்கின மாதிரி சுத்தமாகத்தான் வந்திருக்கிறது. ஏப்ரலிலிருந்து அது நிறையத் திரும்பி வந்தது. புளித்த சோளமாவில் அவித்த கென்கே உருண்டை கிள்ளப்படாமல் அப்படியே, மேலே மீன் அப்படியே. ஒரு ஆம்பிளைக்கு வீட்டுச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் அவன் வேறு அடுப்பில் சாப்பிட்டுவிட்டு வருகிறான் என்று நம் தெருவில் நடை பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். முற்றத்தில் எல்லோரும் மீனுக்குப் புகை போட்டுக்கொண்டிருக்கும்போது உன் பெரியம்மா என் கையைப் பார்த்து, "ஓடார்லே, போன கனத்தோடயே வருதே உன் கிண்ணம்" என்றாள். எல்லோரும் புகைக்குக் கண்ணை மூடுகிற மாதிரி மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

நீயும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள், அதனால் வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். அவர் என்னை அழைத்தனுப்புவதும் நின்றுவிட்டது. நானாகப் போனாலும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதோடு அவர் முகம். உன் அப்பாவுக்கு எப்படித் தாடி முளைக்கும் என்று உனக்குத் தெரியும், காலையில் வழித்தால் சாயங்காலம் உரசும். அந்தத் தாடை எந்த நேரம் பார்த்தாலும் மழுமழுவென்று இருந்தது. யாருக்காக இந்த அலங்காரம் என்று யோசித்து யோசித்து ஒருநாள் அவர் பெட்டியைத் திறந்து பார்த்தேன், நீ அனுப்பிய பிளேடு பாக்கெட் பிரிக்கப்படாமலே கிடந்தது. புத்தியுள்ளவள் அங்கேயே நின்று கொஞ்சம் யோசித்திருப்பாள். நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா, அப்படியானால் அவளே தன் கையால் இவருக்குச் சவரம் பண்ணிவிடுகிறாள் என்று. எவள் என்பதுகூட அப்போது தெரியாது, ஆனால் அவள் கை இவர் கன்னத்தில் இருப்பது எனக்குக் கண் முன்னே தெரிந்தது.

எவள் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. கடற்கரைக்கு இறங்குகிற வழியில் சோளக் கஞ்சி விற்கிறாளே லாமிலே, அண்ணனைப் பறிகொடுத்தவள், அவள் கடை நிழலில் முக்காலி போட்டு உன் அப்பா தினமும் காலையில் உட்கார்ந்திருந்தார். படகுக்குப் போவதையும் பாதி நாள் நிறுத்திவிட்டார். நான் மீன் கூடைகளுக்குப் பின்னால் நின்று மூன்று நாள் பார்த்தேன். மே மாதத்து வெயிலில் கெட்டித் துணியைத் தோளோடு போர்த்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், அவள் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுக்கிறாள். அவளுக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு. இடுப்பில் துணி கட்டுகிற விதத்தைப் பார்த்தால் பதினெட்டு வயது குறைவு என்று அவளே நினைத்துக்கொண்டிருப்பது தெரியும். இவரை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டாள். அண்ணே என்று ஆரம்பிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வருகிற சாப்பாட்டைப் பற்றி நான் அவரை ஒரு பிடி பிடித்தேன். அவர் சண்டை போடவில்லை, சரி சரி என்றார், மறுநாளிலிருந்து கிண்ணம் காலியாக வர ஆரம்பித்தது. நான் மூன்று நாள் சந்தோஷப்பட்டேன். நாலாம் நாள் குவாட்டே சித்தப்பா என்னைப் பார்த்து, அண்ணி, நீங்கள் வைக்கிற வெண்டைக்காய்க் குழம்புக்கு ஈடே இல்லை என்று பல்லைக் காட்டினார், அவருக்குக் கன்னம்கூட உப்பியிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் ஒன்றுமே சமைக்காமல் வெறுங் கிண்ணத்தை மூடி, துணி போட்டுக் கட்டி, அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் கிண்ணத்தை எடுக்கப் போனபோது உன் அப்பா உள்ளேயிருந்தே சொல்கிறார், "நேத்து சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு, மீன்தான் இன்னும் கொஞ்சம் வச்சிருக்கலாம்." நான் அங்கேயே நின்றேன் அஷோர்கோர். முப்பத்திரண்டு வருஷத்தில் என் சமையலை அவர் வாய்விட்டுப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் வெறுங் கிண்ணத்தை. மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை மனுஷன்.

நேராகக் கஞ்சிக் கடைக்குப் போனேன். வலை தைக்கிறவர்கள், ஐஸ் விற்கிறவர்கள், யாரெல்லாம் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. என் புருஷனுக்கு எத்தனை வேளை ஊட்டுகிறாய், அவர் முகத்தை வழித்துவிடுகிற கத்தி எங்கே, எடு பார்க்கலாம் என்று ஆரம்பித்து, எழுதத் தகாததெல்லாம் சொன்னேன். அவள் பானையை மூடி வைத்தாள். திருப்பிக் கத்துவாள் என்று பார்த்தால், என்னைப் பக்கத்தில் இழுத்து மெதுவாக, "அக்கா, அடிக்கிறதுன்னா அப்புறமா அடிங்க. முதல்ல அண்ணன் தாடையைத் தொட்டுப் பாருங்க. அது வழிச்ச தாடை இல்ல, முளைக்காத தாடை. அரை டம்ளர் கஞ்சியைக் குடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது ஆகுது. உங்க கண்ணுக்கு அது தெரியலையா?" என்றாள். என் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று அவள் கேட்டாள், என் புருஷனைப் பற்றி, என்னிடம். அவள் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

விஷயம் என்னவென்றால், அவள் அண்ணன் அடோட்டே புக்கோமில் குத்துச்சண்டை போட்டவன். பதினாலு வருஷம் தலையில் வாங்கினான். அதன் பிறகு அவனுக்கும் இதேபோலப் பசி போயிற்று, குளிர் வந்தது, தாடி நின்றது, பகலெல்லாம் தூக்கம். அவன் பெண்டாட்டி, சோம்பேறி என்றும் வேறு எவளோ இருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகுதான் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள், ஆறு வருஷம் நன்றாக இருந்தான். ஒருநாள் காய்ச்சல் வந்து மாத்திரையெல்லாம் வாந்தியில் போய்விட்டது, அந்த நேரத்தில் போட வேண்டிய ஊசி வீட்டிலேயே இருந்தும் போடத் தெரிந்தவர் யாரும் இல்லை, வண்டி கிடைப்பதற்குள் போய்விட்டான். லாமிலே அதற்கப்புறம் போய் ஊசி போடக் கற்றுக்கொண்டாளாம், யாருக்காகக் கற்றாளோ. உன் அப்பா வெயிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்து, தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டிருக்கிறாள், அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் காட்டினாள், மனைவி என்று போட்ட இடத்தில் லாமிலே என்று எழுதியிருந்தது. கூட வந்தவர் யார் என்று கேட்டபோது வரிசையில் சீக்கிரம் விடட்டும் என்று அப்படிச் சொன்னாளாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு நாக்குக் கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை பார்.

முடிவு வாங்கப் போன அன்றைக்கு மூன்று பேரும் ஒரே ட்ரோட்ரோ வண்டியில் போனோம், நான் நடுவில் உட்கார்ந்தேன். நர்ஸ் வெளியே வந்து இவருடைய மனைவி யார் என்று கேட்டாள், இரண்டு பேர் எழுந்தோம். அவள் உடனே உட்கார்ந்துவிட்டாள், ஆனால் எழுந்தாள், நான் பார்த்தேன். டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், பொறுமையாகச் சொன்னாள். மூளைக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவு ஒரு சுரப்பி தொங்குகிறதாம், பிட்யூட்டரி என்று பெயர், உடம்பில் இருக்கிற மற்ற சுரப்பிகளுக்கெல்லாம் வேலை ஏவுவது அதுதானாம். தலை குலுங்கினால் போதும், மண்டை உடையவே வேண்டாம், மயக்கம்கூட வர வேண்டாம், சிலருக்கு அது நொந்துபோய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஏவலை நிறுத்திவிடுமாம். பசிக்கும் தெம்புக்கும் ஒரு ஹார்மோன், உடம்புச் சூட்டுக்கு ஒன்று, ஆம்பிளைத்தனத்துக்கு ஒன்று, மூன்றும் உன் அப்பாவுக்குத் தரைதட்டிக் கிடந்ததாம். அடிபட்ட எல்லோருக்கும் இப்படி வராது, வந்தாலும் மாசக்கணக்கில் கழித்து வருவதால் யாரும் அந்த அடியோடு சேர்த்து யோசிப்பதில்லை என்றாள். பெண்டாட்டிகள் என்ன யோசிப்பார்கள் என்று நான் சொல்லியிருப்பேன், வாயைத் திறக்கவில்லை. மாத்திரை ஆயுசுக்கும், ஒரு வேளைகூட விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு, வாந்தியெடுத்தால் உடனே தொடையில் ஊசி, பிறகு ஆஸ்பத்திரி, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னாள். ஊசி போட வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் டாக்டர் என்று பக்கத்திலிருந்து பதில் வந்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மாத்திரை ஆரம்பித்த வாரத்திலேயே கிண்ணம் பாதி காலியாக வந்தது, குவாட்டே சித்தப்பாவின் கன்னமும் இறங்கிவிட்டது. எனக்கு மட்டும் ஒன்று இறங்கவே இல்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன், எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல உங்களுக்கு வாய் வந்ததே, என்னிடம் ஏன் வரவில்லை என்று. வலையைத் தைத்துக்கொண்டே, "உன்கிட்டச் சொன்னா நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிடும்னு பயம். அவ எப்படிப் பார்த்தா எனக்கென்ன?" என்றார். நல்ல பதில்தான், அதைக் கேட்டு நான் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் மறுபடி யோசனை வந்துவிட்டது. பயமில்லாமல் பேச ஒருத்தி, பயந்து ஒளிக்க ஒருத்தி என்றால் இதில் யாருக்கு லாபம். நீயே சொல்.

லாமிலே இரண்டு தடவை ஆள் அனுப்பினாள், அக்காவை வரச் சொல்லுங்கள், ஊசி போடக் கற்றுத் தருகிறேன் என்று. நான் போகவில்லை. அவள் வாசலில் போய் நின்று என் புருஷன் தொடையைப் பற்றி அவளிடம் பாடம் கேட்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் அப்படியே ஓடிற்று. ஆஸ்பத்திரியில் அவள் கையில் கொடுத்த ஊசிப் பெட்டியை மட்டும் அவளிடமிருந்து வாங்கி என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், அது என்னிடம் இருந்தாலே போதும் என்று எனக்கு நினைப்பு.

இப்போது சொல்லப்போவதை உன் அப்பாவிடம் கேட்காதே, அவருக்குப் பாதிதான் தெரியும். போன செவ்வாய்க்கிழமை, கடலுக்குப் போகாத நாள், ஆண்களெல்லாம் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே இவருக்கு மலேரியாக் காய்ச்சல். இரட்டிப்பு மாத்திரை கொடுத்தேன், வாந்தியெடுத்தார், மறுபடி கொடுத்தேன், அதுவும் வெளியே வந்தது. பத்து மணிக்கெல்லாம் நாக்குக் குழறியது, முகம் சாம்பலாகிவிட்டது, என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குவாட்டே சித்தப்பா டாக்ஸி தேடி ஓடினார். நான் பெட்டியைத் திறந்தேன். ஒரு குப்பியில் தூள், ஒரு குப்பியில் தண்ணீர், இரண்டு ஊசி, எதை எதில் விடுவது, எவ்வளவு, எங்கே குத்துவது, ஒன்றும் தெரியவில்லை. என் கையில் மருந்து இருக்கிறது, என் புருஷன் என் எதிரில் போய்க்கொண்டிருக்கிறார். நான் கற்றுக்கொள்ளாமல் விட்ட மூன்று வாரம் என் கையில் அந்தப் பெட்டியாக இருந்தது. ஓடினேன் அஷோர்கோர், தலைத்துணி அவிழ்ந்து விழுந்ததையும் எடுக்காமல் கஞ்சிக் கடைக்கு ஓடினேன். நான் வாயைத் திறக்கவில்லை, என்னைப் பார்த்ததுமே அவள் எழுந்துவிட்டாள், கொதிக்கிற பானையை அப்படியே விட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள். தூளைக் கலக்கினாள், குலுக்கினாள், துணியை விலக்கித் தொடையில் குத்தினாள், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நீ என் வயிற்றில் பிறந்தவள், உன்னிடம் மறைக்கமாட்டேன். அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாத அந்த நேரத்திலும் நான் பார்த்தது அவள் இடது கை அவர் தொடைமேல் இருந்ததைத்தான். கையை எடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எடுத்திருந்தால் அவர் போயிருப்பார். இதை நினைத்து நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, பொறாமை போய்விடவில்லை, இருக்கிறது, அதோடு சேர்ந்து இந்த வெட்கமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள், இப்போது உட்கார்ந்து மிளகாய்ச் சம்பலில் உப்புப் போதவில்லை என்கிறார், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டில் மனைவி என்ற இடத்தை அடித்துவிட்டு என் பெயரை எழுத வைத்தேன். நானும் நேற்றிலிருந்து லாமிலே வீட்டுக்குப் போகிறேன், ஆரஞ்சுப் பழத்தில் தண்ணீர் ஊசி போட்டுப் பழகுகிறேன். சாய்க்காதீங்க அக்கா, நேரா குத்துங்க என்று அதட்டுகிறாள். பழத்தைத் தொடை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாள், நான் அவள் தொடை என்று நினைத்துக் குத்தினேன், நேராகப் போயிற்று.

உனக்கு ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடித் தலையால் முட்டுகிறார், பேரன் சைக்கிளிலிருந்து விழுகிறான், ஒவ்வொரு இடிக்கும் டாக்டரிடம் ஓடச் சொல்லவில்லை. ஆனால் தலையில் பட்டு மாசக்கணக்கு ஆன பிறகும் ஒருவர் சாப்பிடாமல், சிரிக்காமல், குளிருகிறது என்று ஒடுங்கிக்கொண்டால், எவள் வீட்டில் சாப்பிட்டார் என்று முதலில் கேட்காதே. ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போ, கூட நீயே போ, சீட்டில் உன் பெயரை எழுது.

நீ, உன் வீடு, உன் பிள்ளை எல்லோரும் நோய் அண்டாமல், அடுத்த ஹோமோவோ திருவிழாவுக்கு நம் முற்றத்தில் வந்து நின்று சாப்பிடுகிற பாக்கியத்தோடு நிறைந்து வாழ வேண்டும். ஒன்றை மறக்காமல் குறித்துக்கொள். அப்பாவுக்கு ஏதாவது என்று கேள்விப்பட்டு நீ கூப்பிடும்போது நான் எடுக்காவிட்டால், நான் மீன் சந்தையில் இருப்பேன், வந்து சேர அரை மணி ஆகும். லாமிலே நாலு எட்டில் போய்விடுவாள். அவள் எண்ணைக் கடிதத்தின் பின்பக்கத்தில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன், முதலில் அவளைக் கூப்பிடு, பிறகு என்னைக் கூப்பிடு. மரியாதையாக அத்தை என்று பேசு. சின்னம்மா என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே, எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு
உன்னை நினைக்காத நாளில்லாத அம்மா,
உன் அப்பாவின் ஒரே மனைவி,
ஓடார்லே